சும்மா இருக்கக் கற்ற கீரிப்பிள்ளைகள்

சரக்... சரக்... சரக்...

ஒரு காட்டில், காய்ந்த சருகுகளின் மேல் இப்படி ஒரு சத்தம் கேட்டது. யார் கேட்டாலும் பாம்பு என்றுதான் நினைப்பார்கள். பாம்பு இல்லை. புதர் விலகியது. நீளமான ஒரு கொடியின் நுனியைப் பல்லில் கவ்விக்கொண்டு, சின்னஞ்சிறு கீரிப்பிள்ளை ஒருத்தி பின்பக்கமாகவே ஓடி வந்தாள். அவள் பெயர் சுட்டி.

கவ்வியதைக் கீழே போட்டுவிட்டு, "கொடி!" என்று கத்தினாள் சுட்டி.

அவ்வளவுதான். அவளுடைய அண்ணன்மார் மூன்று பேரும் ஆளுக்கொரு பக்கம் எகிறிக் குதித்தார்கள். விழுந்த வேகத்தில் திரும்பி வந்து கொடியின் கழுத்தைப் பிடித்தார்கள். கொடிக்கு ஏது கழுத்து? அவர்கள் விளையாட்டில் உண்டு. மூத்தவன் நெடுவால்தான் எல்லாரையும்விட உயரமாகக் குதிப்பான்.

அவர்களின் அம்மா செவ்வாலி, வளை வாசலில் மண் தள்ளிக்கொண்டிருந்தாள். மழை வருமுன் வளையை ஆழமாக்க வேண்டும். முன்னங்காலால் தோண்டுவாள், பின்னங்காலால் தள்ளுவாள். அவ்வப்போது குட்டிகளைப் பார்ப்பாள்.

அந்த வழியாகப் பக்கத்துப் புதர் முயல் வந்தாள். அவள் பின்னால் அவளுடைய மூன்று குட்டிகளும் வரிசையாக வந்தார்கள்.

"என்ன செவ்வாலி, பிள்ளைகள் என்ன செய்கிறார்கள்?"

"சும்மா விளையாடுகிறார்கள், அக்கா."

"சும்மாவா?" முயலின் காதுகள் இரண்டும் நிமிர்ந்தன. "கண் திறந்து மூன்று பௌர்ணமி ஆகிவிட்டது. இன்னுமா சும்மா? என் பிள்ளைகளைப் பார். கொக்கு வாத்தியாரின் பள்ளிக்குப் போகிறார்கள். நூறு வரை சொல்கிறார்கள். ஏய், சொல்லிக் காட்டுங்கள்!"

"ஒன்று இரண்டு மூன்று நான்கு..." முயல்குட்டிகள் மூச்சு விடாமல் ஒப்பித்தார்கள். முப்பதைத் தாண்டியதும் கடைக்குட்டிக்குக் கண் சொருகியது.

"உன் பெரியவன் எத்தனை வரை சொல்வான்?"

செவ்வாலிக்கு முகமெல்லாம் மண். அன்றைக்குத்தான் அது அவளுக்கு வெட்கமாக இருந்தது.

"அவனுக்கு... குதிக்கத் தெரியும், அக்கா."

"குதிக்க!" என்று முயல் விழுந்து விழுந்து சிரித்தாள். குதித்தே உயிர் பிழைக்கிற முயல் சிரித்தாள், பிள்ளைகளே!

மறுநாள் காலை செவ்வாலி நான்கு பேரையும் நக்கிச் சுத்தம் செய்து பள்ளிக்குக் கூட்டிப்போனாள்.

பள்ளி என்றால் காட்டின் நடுவே ஒரு வெள்ளைப் பாறை. அதைச் சுற்றி ஒரு புல் கிடையாது, ஒரு செடி கிடையாது. சேறு ஒட்டும், பூச்சி வரும், கவனம் சிதறும் என்று கொக்கு வாத்தியார் எல்லாவற்றையும் பிடுங்கச் சொல்லியிருந்தார். பிடுங்கியதும் பிள்ளைகள்தான்.

பாறையின் உச்சியில் ஒற்றைக் காலில் நின்றார் கொக்கு.

"என்னைப் பாருங்கள். விடிந்ததிலிருந்து அசைந்தேனா? அசையாமல் நின்றுதான் நான் மீன் பிடிக்கிறேன். அசையாமல் இருக்கத் தெரிந்தவனுக்குக் கிடைக்காதது எதுவும் இல்லை."

"குளத்தில் நின்றால் எங்களுக்குக் கால் எட்டாதே, வாத்தியாரே?" என்றாள் சுட்டி.

"பேசாதே! கை கட்டு! வாய் பொத்து!"

கீரிக்கு ஏது கை? முன்னங்கால்களை மார்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, சுடுகிற பாறையில் உட்கார்ந்தார்கள்.

நாள் முழுவதும் அசையாத பிள்ளைக்கு மாலையில் ஒரு வெள்ளை இறகு. அதற்குச் சோதனையும் உண்டு. எல்லாரும் உட்கார்ந்திருக்கும்போது கொக்கு திடீரென்று "பருந்து!" என்று கத்துவார். "ஓடுங்கள்!" என்று கத்துவார். பருந்தும் இருக்காது, ஒன்றும் இருக்காது. அசைந்த பிள்ளைக்கு இறகும் இருக்காது.

சுட்டி தினமும் அசைந்தாள். தினமும் அவளைப் பாறையின் ஓரத்தில் தனியாக உட்கார வைத்தார்கள்.

நெடுவால் எதிலும் முதலில் வருகிறவன். இதிலும் வந்தான். ஏழு நாளில் ஏழு இறகு. செவ்வாலி அவற்றை வளை வாசலில் செருகி வைத்தாள். போகிற வருகிறவர்கள் பார்க்கட்டுமே! முயல்கூட வந்து பார்த்துவிட்டு, "தேறிவிட்டான்" என்றாள்.

அன்று மாலை சுட்டி கொடியை இழுத்து வந்தாள். "கொடி!" என்றாள்.

நெடுவால் திரும்பவே இல்லை. "சும்மா இரு" என்றான்.

செவ்வாலிக்கு எங்கோ சுருக்கென்றது. ஆனாலும் மறுநாளும் பள்ளிக்கு அனுப்பினாள்.

அந்த வெள்ளைப் பாறைக்கு அடியில் ஒரு பொந்து இருந்தது. அதற்குள் ஒரு நாகம் இருந்தது. மேலே நடப்பதை எல்லாம் அது பல நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தது. எட்டாம் நாள் உச்சி வெயிலில், பிள்ளைகளின் முதுகுக்குப் பின்னால் மெல்லத் தலையை நீட்டியது.

"வணக்கம், வாத்தியாரே."

கொக்கு சட்டென்று இரண்டாவது காலையும் ஊன்றினார். சிறகு பாதி விரிந்தது.

"பயப்படாதீர்கள். உங்கள் பள்ளியைப் பார்வையிட வந்திருக்கிறேன். நானும் எத்தனையோ காடு பார்த்துவிட்டேன். இவ்வளவு அடக்கமான பிள்ளைகளை எங்கும் பார்த்ததில்லை!"

விரிந்த சிறகு மடங்கியது. "அப்படியா?" என்றார் கொக்கு.

"ஒரே ஒரு சந்தேகம். நான் பக்கத்தில் போனாலும் அசையமாட்டார்களா?"

"என் பிள்ளைகளா? வேண்டுமானால் சோதித்துப் பாருங்கள்!"

"கண்ணையும் மூடச் சொல்லுங்களேன். இன்னும் அழகாக இருக்கும்."

"பிள்ளைகளே!" என்று கொக்கு கழுத்தை நீட்டினார். "பெரியவர்கள் பார்வையிட வந்திருக்கிறார்கள். கண்ணை மூடுங்கள்! யாராவது அசைந்தால் வாங்கிய இறகு அத்தனையும் போய்விடும்!"

ஏழு குட்டிகளும் கண்ணை மூடினார்கள். நாகம் வரிசையை ஒட்டி நிதானமாக ஊர்ந்தது. எதைத் தின்னலாம் என்று அவசரமில்லாமல் பார்த்தது. எல்லாரிலும் கொழுத்தவன் நெடுவால். அவன் முன்னால் நின்று படம் எடுத்தது.

மதியச் சாப்பாட்டுக்கு ஒரு நத்தையைக் கவ்விக்கொண்டு வந்த செவ்வாலி அதைப் பார்த்தாள். நத்தை விழுந்து உருண்டது.

"பாம்பு!" என்று அலறினாள்.

ஒரு குட்டியும் அசையவில்லை.

"ஓடுங்கள்! ஓடுங்களடா!"

அசையவில்லை. சோதனை என்று நினைத்துக்கொண்டு கண்ணை இன்னும் இறுக்கிக்கொண்டார்கள். செவ்வாலியின் மயிர் சிலிர்த்ததைப் பார்த்ததும் கொக்கு மட்டும் விருட்டென்று பறந்து, தள்ளி நின்ற ஒரு மருத மரத்தில் ஏறிக்கொண்டார்.

செவ்வாலி பாறையை நோக்கி ஓடினாள். ஓடிக்கொண்டே, இருக்கிற பலத்தை எல்லாம் திரட்டிக் கத்தினாள்.

"கொடி!"

அந்தச் சொல்லை அந்தப் பள்ளியில் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. சோதனை வைத்துக் கெடுக்கவும் இல்லை. பாறை ஓரத்திலிருந்து சுட்டி எகிறினாள். நடு அண்ணன்மார் இரண்டு பேரும் எகிறினார்கள். அவர்கள் விழுந்த வேகத்தில் முயல்குட்டிகள் மூன்று பேரும் உருண்டு, எழுந்து, மூன்று திசையில் ஓடினார்கள்.

நெடுவால் உட்கார்ந்தே இருந்தான். கை கட்டியிருந்தான். கண் மூடியிருந்தான்.

நாகம் கொத்தியது. கொத்து அவன்மேல் விழவில்லை. இடையே பாய்ந்த செவ்வாலியின் முதுகு மயிரில் விழுந்தது. தோலுக்கும் பல்லுக்கும் நடுவே மயிர் மட்டும்தான் இருந்தது. அவள் திரும்பி அதன் கழுத்தைப் பிடித்தாள். பாறையில் ஓங்கி அடித்தாள். இன்னொரு முறை அடித்தாள். அது செத்த பிறகும் அடித்தாள்.

சத்தமெல்லாம் ஓய்ந்தபின் நெடுவால் ஒரு கண்ணை மட்டும் திறந்தான்.

"அம்மா, நான் அசையவே இல்லை. பார்த்தாயா? எட்டாவது இறகு எனக்குத்தானே?"

செவ்வாலி அவனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். மரத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

"இறங்கி வா!"

"நான் ஒழுக்கம்தானே கற்றுக்கொடுத்தேன்?" என்றார் கொக்கு, கிளையிலிருந்தபடியே. "சும்மா விளையாடித் திரிந்த பிள்ளைகளை..."

"வாயை மூடு! சும்மா விளையாடுகிறார்கள் என்று நான் கூட்டிவந்தால், சும்மா இருக்கவா கற்றுக்கொடுத்தாய்? அசையாதே, அசையாதே என்றாயே, முதலில் பறந்தது யார்? என் பிள்ளை இந்தக் காட்டிலேயே உயரமாகக் குதித்தவன். எட்டே நாளில் அவனைக் கல்லாக்கி, அதற்கு இறகு வேறு கொடுத்தாயே! நீ உன் பசிக்கு நிற்கிறாய். அவன் யார் பசிக்கு உட்கார வேண்டும்?"

கொக்கு இன்னும் உயரமான கிளைக்கு நகர்ந்தார்.

"அந்தச் சொல்லை முதலில் சொன்னவள் நான்தான்" என்றாள் செவ்வாலி, தாழ்ந்த குரலில். "சும்மா என்றேன். என் நாக்கைத்தான் நான் கடிக்க வேண்டும்."

மூச்சிரைக்க முயல் ஓடி வந்தாள். புதர்களுக்குள்ளிருந்து தன் குட்டிகளை ஒவ்வொருவராக இழுத்தாள். "ஒன்று... இரண்டு... மூன்று." அதற்குமேல் எண்ண வேண்டிய தேவை அவளுக்கு இருக்கவில்லை.

செவ்வாலி பிள்ளைகளோடு வளைக்குத் திரும்பினாள். வாசலில் செருகியிருந்த ஏழு இறகுகளையும் பிடுங்கி மண்ணில் போட்டு மிதித்தாள். நெடுவால் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு வாசலுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். முன்னங்கால்கள் தாமாகவே மார்போடு கட்டிக்கொண்டன.

சுட்டி எங்கிருந்தோ கொடியை இழுத்து வந்தாள். அவன் முன்னால் போட்டாள். கத்தவில்லை. "கொடி" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுத் தள்ளி நின்றாள்.

அவன் அசையவில்லை.

தோண்டிய வளை பாதியில் கிடந்தது. மேற்கே மேகம் கட்டிக்கொண்டிருந்தது. செவ்வாலி திரும்பி வளைக்குள் தலையை நுழைத்தாள். முன்னங்காலால் தோண்டினாள், பின்னங்காலால் தள்ளினாள். மண்ணோடு மண்ணாக இறகுகளும் போயின.

வெகுநேரம் கழித்து, அவளுக்குப் பின்னால், சருகின் மேல் ஒரே ஒரு முறை கேட்டது:

சரக்.

செவ்வாலி திரும்பிப் பார்க்கவில்லை. அடுத்த பிடி மண்ணைத் தோண்டித் தள்ளினாள்.

நீதி: பிள்ளையின் விளையாட்டைச் சும்மா என்று சொல்லாதே, அதை நிறுத்துகிறவன் பிள்ளையின் உயிரோடு விளையாடுகிறான்.