றெஜிக்கு ஒரு சாண்ட்விச்

“எல்லாம் நீ சொன்ன மாதிரித்தான் செய்தனான் பிள்ளை. பிறகேன் கடை ருசி வருகுதில்லை?”

கேட்டவர் மரியநாயகம். பதில் சொல்லவேண்டியவள் டிலானி. இடம், மொன்றியலில் எங்கள் கட்டடத்தின் இரண்டாம் மாடி, டிலானி வீட்டு வாசல்.

சீடருக்கு வயது அறுபத்தேழு. குருவுக்கு நாற்பத்தொன்று. சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம். நானும் சிரித்தவன்தான்.

மரியநாயகம் தாளில் சுற்றிய மாட்டிறைச்சி சாண்ட்விச் ஒன்றை நீட்டினார். டிலானி வாங்கிப் பிரித்தாள். மணந்து பார்த்தாள். கடிக்கவில்லை.

“மிளகாய்த்தூள் போட்டனீங்களோ, அங்கிள்?”

“ஒரு கொஞ்சம்.”

திருப்பிக் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

•

டிலானி யாரென்று சொல்லவேண்டும்.

யூதக் குடும்பம் ஒன்று நடத்திய பழைய சாப்பாட்டுக் கடை ஒன்று இந்த நகரத்தில் இருந்தது. சூடான மாட்டிறைச்சி சாண்ட்விச்சுக்குப் பேர்போன கடை. பனி கொட்டுகிற நாளிலும் வாசலுக்கு வெளியே ஆட்கள் வரிசையில் நிற்பார்கள். உள்ளே போனதும் மூக்குக்கண்ணாடி முழுக்க ஆவி படியும். கண் ஒன்றும் தெரியாது, மணம் மட்டும் வரும். மிளகு, கொத்தமல்லி, உள்ளிப்பூண்டு, கடுகு. எங்கள் குசினியில் இருக்கிற அதே சாமான்கள்தான், ஆனால் மணம் வேறு.

அந்தக் கடையில் இறைச்சி வெட்டினவள் டிலானி. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் கத்தியோடு நிற்பாள். இப்போது கடை இல்லை. அந்த இடத்தில் கைத்தொலைபேசி விற்கிறார்கள். நான் அந்தத் தெருவால் போவதையே விட்டுவிட்டேன்.

மரியநாயகமும் அதே கடையில் வேலை செய்தவர். அது டிலானிக்கு நிறைய முந்தின காலம். அகதியாக வந்து இறங்கிய புதிதில் அவரும் தம்பி றெஜியும் பின்னுக்கு நின்று கோப்பை கழுவினார்கள். வேலை முடிய, முதலாளி இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு சாண்ட்விச் கொடுத்துவிடுவார். பஸ் தரிப்பிடத்தில் நடுங்கி நடுங்கி நின்று பங்கிட்டுச் சாப்பிடுவார்கள்.

அதைப்போல ஒரு சாப்பாட்டைப் பிறகு தான் சாப்பிடவே இல்லை என்பார் மரியநாயகம். யாழ்ப்பாணத்துப் பாசையூரில் கடல்மீன் தின்று வளர்ந்த மனுசன் சொல்கிற கதை இது.

•

அண்ணனும் தம்பியும் முகம் பார்த்துக் கனகாலம்.

அண்ணன் தம்பிக்குப் பொம்பிளை பேசினார். நல்ல இடம், நல்ல பிள்ளை. மண்டபம் எடுத்தார், கோயிலில் பங்குச் சாமியாரிடம் நாள் வாங்கினார், அதற்குப் பிறகு தம்பிக்குச் சொன்னார். தம்பி தலையை ஆட்டினான். கல்யாணம் கிட்ட வந்த நேரம் ஒருவருக்கும் மூச்சுக் காட்டாமல் வன்கூவருக்கு விமானம் ஏறிவிட்டான்.

“வேண்டாமெண்டால் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. வாய் இல்லையே அவனுக்கு?”

இதை மரியநாயகம் சொல்லாத ஆள் எங்கள் கட்டடத்தில் கிடையாது. லிஃப்டில் அவரோடு ஏறினால் போதும், தொடங்கிவிடுவார்.

இப்போது றெஜி வேலை விஷயமாக மொன்றியலுக்கு வருகிறான். ஞாயிறு மத்தியானம் எட்டிப் பார்ப்பதாகவும் தேத்தண்ணி மட்டும் போதும் என்றும் செய்தி அனுப்பியிருந்தான்.

அந்தத் தேத்தண்ணிதான் மரியநாயகத்தைக் குத்தியது. வெறும் தேத்தண்ணியோடு எழும்பிப் போகிறவன் இனி இந்தப் பக்கம் வரமாட்டான் என்று அவருக்குப் பயம். அவருடைய மனுசி, மகளின் பிள்ளைப்பேறு பார்க்க ரொறன்ரோவுக்குப் போயிருந்தாள். வீட்டில் தனிய இருந்து யோசித்து, கடைசியில் ஒன்றைக் கண்டுபிடித்தார். அந்தக் கடைச் சாண்ட்விச்சைத் தன் கையால் செய்து தம்பிக்கு முன்னால் வைக்கவேண்டும். அவன் ஒரு கடி கடித்தால் மிச்சத்தைச் சாண்ட்விச் பார்த்துக்கொள்ளும்.

அப்படித்தான் டிலானியைப் பிடித்தார்.

•

அடுத்த தடவை மிளகாய்த்தூள் இல்லை. ஆனால் மனுசன் இறைச்சியை மஞ்சள் போட்டு மூன்று தண்ணீரில் அலசியிருந்தார். வெடுக்கு மணம் போகட்டும் என்றாராம். போதாததற்குப் பிரஷர் குக்கரில் வைத்து விசில் வேறு அடிக்கவிட்டிருந்தார்.

டிலானி தலையில் கைவைத்தாள். நெஞ்சுப் பகுதி இறைச்சியை முழுசாக வாங்கவேண்டும். உப்பும் மிளகும் மல்லியும் உள்ளியும் கடுகும் பூசி, ஃபிரிட்ஜில் நாள்கணக்காக ஊறவிடவேண்டும். பிறகு குறைந்த சூட்டில், அவசரப்படாமல், அடுப்புக்குள் வேகவிடவேண்டும். கடைசியாக மூடி போட்ட பெரிய சட்டியில் கொதிதண்ணீருக்கு மேலே வைத்து ஆவியில் அவிக்கவேண்டும். விரலால் தொட்டால் நடுங்கவேண்டும், ஆனால் உதிரக்கூடாது. இவ்வளவையும் மறுபடி சொல்லிக்கொடுத்தாள்.

மரியநாயகம் விடுகிற ஆளா. செய்தார். ஊறவிட்ட இறைச்சியைப் பிள்ளை பார்க்கிற மாதிரி எட்டி எட்டிப் பார்த்தார். அவர் வீட்டு மணம் மாடிப்படி வழியாக இறங்கி என் வீட்டுக்குள் வந்தபோது, நான் ஒரு நிமிஷம் அந்தக் கடை வாசலில் பனிக்குள் நின்றேன். பொய் சொல்லவில்லை, கண் கலங்கிப் போச்சு.

அதைக் கொண்டுபோய்க் கொடுத்தார். டிலானி கடித்தாள். மெதுவாக மென்றாள்.

“இறைச்சி சரி.”

“அப்ப கடை ருசி?”

“வரேல்லை.”

“என்ன குறை, பிள்ளை?”

“இது ஆருக்கு வெட்டினது?”

“உனக்குத்தான்.”

“எனக்கில்லை,” என்றாள் டிலானி. மிச்சச் சாண்ட்விச்சைத் தாளில் சுற்றி வைத்தாள்.

•

சனிக்கிழமை காலை டிலானி அவரைச் சாப்பிடக் கூப்பிட்டாள்.

மேசையில் ஒரு சாப்பாட்டுக் கோப்பை. அதில் சாண்ட்விச்சுக்குப் போடுகிற ரை பாண் இரண்டு துண்டு, மஞ்சள் கடுகுச் சோஸ் பூசினபடி. மரியநாயகத்தை இருக்கச் சொன்னாள். சட்டியைத் திறந்து, ஆவி பறக்கிற இறைச்சியைத் தூக்கிப் பலகையில் வைத்தாள். ஒரு கையில் நீளக் கத்தி, மற்றக் கையில் முள்ளுக்கரண்டி.

அப்படியே நின்றாள்.

மரியநாயகம் காத்திருந்தார். அவள் அவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“வெட்டு, பிள்ளை.”

அவள் வெட்டவில்லை.

“ஆறப்போகுது.”

அவள் அசையவில்லை.

“உனக்கு விருப்பமான மாதிரி வெட்டு. நான் என்ன குறையே சொல்லப்போறன்?”

டிலானி கத்தியை வைத்தாள். இறைச்சியைத் திரும்பச் சட்டிக்குள் போட்டு மூடினாள்.

“போயிட்டு வாங்கோ, அங்கிள்,” என்றாள்.

•

மரியநாயகத்துக்கு வந்த கோபத்தைக் கேட்கவேண்டாம். கீழே உடுப்புத் தோய்க்கிற அறையில் என்னைப் பிடித்துக் கொட்டித் தீர்த்தார். வெறும் பாணுக்கு முன்னால் ஒரு மனுசனை இருத்திவிட்டு வாய் பார்ப்பது பாடமா, இல்லாவிட்டால் பகிடியா என்று கேட்டார்.

நானும் அவர் பக்கம்தான். எங்கள் ஆட்கள் அப்படிச் செய்வார்களா? சாப்பிட இருக்கிறவனைப் பார்த்து ‘போடட்டோ’ என்று கேட்பதையே கஞ்சத்தனம் என்று நினைக்கிறவர்கள் நாங்கள். போதும் போதும் என்கிறவனுக்குத்தான் இன்னும் ஒரு அகப்பை போடுவோம். மரியநாயகம் அதில் கைதேர்ந்தவர். அவர் வீட்டில் சாப்பிட்டவன் எழும்பி நடக்கப் பட்ட பாடு எனக்குத் தெரியும்.

அவளுக்குத் தலைக்கனம் என்று சொல்லி அவரை மேலே அனுப்பிவைத்தேன்.

•

ஞாயிறு மத்தியானம் நானும் அங்கே இருந்தேன். பாண் வாங்கிக் கொடுக்கிற சாட்டில் போய், போகாமல் நின்றுவிட்டேன்.

றெஜி வந்தான். தலை முழுக்க நரை. குளிர்ச் சட்டையைக் கழற்றவில்லை. கதிரையின் நுனியில் இருந்தான். பயணம் எப்படி என்று நான் கேட்டதற்கு நல்லது என்றான். அண்ணன் பக்கம் பார்க்கவில்லை. நாலு மணிக்கு ஓர் இடம் போகவேண்டும் என்று எனக்குச் சொல்வதுபோல அவருக்குச் சொன்னான்.

மரியநாயகம் சட்டியைத் திறந்தார். ஆவி எழும்பியது. றெஜி தலையைத் திருப்பினான். அந்த மணம் அவனுக்கும் தெரியும்தானே.

இறைச்சியைப் பலகையில் வைத்து, கொழுப்புத் தடித்த பக்கத்தில் கத்தியை வைத்தார். வழக்கம்போலக் கனமாக ஒரு துண்டு, பிறகு இன்னொன்று, கோப்பை நிறைய வைப்பார் என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கை நின்றுவிட்டது.

கத்தியோடு அப்படியே நின்று தம்பியைப் பார்த்தார். தம்பியும் நிமிர்ந்து பார்த்தான்.

“றெஜி, கொழுப்போட வெட்டவோ, கொழுப்பில்லாமல் வெட்டவோ?”

கடையில் டிலானியும் அவளுக்கு முந்தி வெட்டினவர்களும் ஒவ்வொருவரிடமும் இதைக் கேட்டுவிட்டுத்தான் வெட்டுவார்கள். பின்னுக்கு நின்று கோப்பை கழுவினவர்களுக்கு அது கேட்டிருக்காது.

றெஜி குளிர்ச் சட்டையின் பொத்தானைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

“கொழுப்பு வேண்டாம்.”

மரியநாயகம் திகைத்துப் போனார்.

“உனக்குக் கொழுப்பெண்டால் உயிரெல்லே? அந்த நாளில என்ர பாதியில இருந்ததையும் கிள்ளி உனக்குத்தானே வைச்சனான்.”

“எனக்கு அது ஒரு நாளும் பிடிக்காது.”

“அப்ப ஏன்ரா ஒண்டும் சொல்லாமல் சாப்பிட்டனி?”

றெஜி பொத்தானை விட்டுவிட்டு அண்ணனைப் பார்த்தான்.

“நீங்கள் தின்னாமல் எனக்கு வைச்சது. அதை வேண்டாமெண்டு நான் எப்பிடியண்ணை சொல்லுறது?”