தினமும் வருகிறவர்

அரசு ஆஸ்பத்திரிக்குப் பின்பக்கம், வாய்க்காலை ஒட்டி, ஒரு கஞ்சிக்குடில் இருக்கிறது. குடில் என்றதும் பர்ணசாலை, மான்குட்டி என்று கற்பனையை ஓட்ட வேண்டாம். ஆஸ்பெஸ்டாஸ் கூரை, சிமெண்டுத் தரை, முன்னால் ஒரு வேப்பமரம். பேர்தான் கஞ்சி, போடுவது சோறும் சாம்பாரும் மோரும். பன்னிரண்டரைக்குப் பந்தி. நோயாளிக்குத் துணையாக வந்தவர்கள், அன்றைக்கு வேலை கிடைக்காத கொத்தனார்கள், வீட்டில் சாப்பிடக் கூப்பிட ஆளில்லாதவர்கள், எல்லாரும் தரையில் வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போவார்கள்.

அதை நடத்துகிறவர் வடிவாம்பாள் அம்மா. வயது நாற்பத்து நாலு. காவி கிடையாது, உருத்திராட்சம் கிடையாது, பிரசங்கமும் கிடையாது. யாராவது ஆசீர்வாதம் கேட்டு வந்தால் அரிவாள்மணையைக் காட்டி உட்காரச் சொல்லுவார். அப்படி வந்து உட்கார்ந்தவன்தான் நான். ஒன்பது வருஷமாக வெங்காயம் உரிக்கிறேன். ஞானம் வந்ததா என்று கேட்காதீர்கள். கண்ணில் தண்ணீர் வந்தது.

அம்மாவின் சிஷ்யர் என்று சொல்லிக்கொள்ளத் தகுதியுள்ளவர் எனக்குத் தெரிந்து ஒரே ஆள், தில்லைக்கண்ணு. அம்மாவைவிடப் பதினாலு வயது மூத்தவர். நெல் மண்டியில் மூட்டை தூக்கியவர். அவர் மனைவி அந்த ஆஸ்பத்திரியில் இறந்துபோய், காரியமெல்லாம் முடிந்த பிறகு, எங்கே போவது என்று தெரியாமல் பந்தியில் வந்து உட்கார்ந்தார். மறுநாள் சாம்பார் வாளியைக் கையில் எடுத்தார். எடுத்தவர் பதினோரு வருஷம் கீழே வைக்கவில்லை.

அவர் வாளியைத் தொட்ட அன்றைக்கு அம்மா ஒன்றே ஒன்று சொன்னாராம்.

"அண்ணே, முகம் சுளிச்சுக்கிட்டுப் பரிமாறாதீங்க. அந்தச் சோறு அவங்க உடம்புல ஒட்டாது."

தில்லைக்கண்ணு அதை மந்திர உபதேசம் மாதிரி பிடித்துக்கொண்டார். காய்ச்சல் அடித்தாலும் சிரித்த முகம். ஒருத்தர் குடித்துவிட்டு வந்து சாம்பாரில் உப்பில்லை என்று சத்தம் போட்டபோதும் சிரித்த முகம். எனக்கே சில சமயம் எரிச்சலாக இருக்கும்.

போன ஆடி மாதம், அண்டாவை அடுப்பிலிருந்து இறக்கும்போது அவருக்கு இடுப்பில் பளீரென்று பிடித்தது. அப்படியே அண்டாவை வைத்துவிட்டுச் சுவரைப் பிடித்தபடி நின்றார். டிஸ்க் நகர்ந்திருக்கிறது என்றார்கள். பெரிய டாக்டர் பொறுமையாகச் சொன்னார்: ஆபரேஷன் வேண்டாம், இனிமேல் பாரம் தூக்காதீர்கள், தினமும் காலையில் இந்தப் பயிற்சியைச் செய்யுங்கள், வலி வரும், போகும்.

தில்லைக்கண்ணுக்கு அந்தக் கடைசி வார்த்தைதான் பிடிக்கவில்லை. வரும் போகும் என்று சொல்வதற்கு டாக்டர் எதற்கு, பஸ் ஸ்டாண்டில் விசாரித்தாலே சொல்வார்களே என்று என்னிடம் குறைபட்டுக்கொண்டார்.

அப்புறம் கேட்க வேண்டுமா, ஊரே வைத்தியர் ஆகிவிட்டது. ஒருத்தர் எண்ணெய் கொண்டுவந்தார். ஒருத்தர் பெல்ட் வாங்கிக் கொடுத்தார். பாயில் படு என்றார் ஒருவர், பலகையில் படு என்றார் இன்னொருவர், படுக்கவே படுக்காதே என்றும் ஒருவர் சொன்னார். சமையல் பார்க்கிற அஞ்சலாட்சி மட்டும் எதுவும் சொல்லாமல், கல்லுப்பை வறுத்துத் துணியில் மூட்டையாகக் கட்டிக் கையில் கொடுத்தாள். அதை வைத்து ஒத்தடம் கொடுத்த அன்றைக்குச் சாயந்தரம் வரைக்கும் மனிதர் நிமிர்ந்து நடந்தார். மறுநாள் காலையில் வலி பழையபடி வந்துவிட்டது. உப்பு மூட்டையை மூலையில் போட்டுவிட்டார்.

பயிற்சியும் அதே கதைதான். நாலு நாள் செய்தார், நாலு நாளும் கொஞ்சம் பரவாயில்லை. அஞ்சாம் நாள் தும்மினார், பிடித்துக்கொண்டது. அதோடு நிறுத்திவிட்டார். ஒரேயடியாகப் போக வைக்கிற வழி இருந்தால் சொல், இல்லாவிட்டால் ஆளை விடு என்பது அவர் கட்சி.

நடுவில் ஒரே ஒரு நாள் வாளியை எடுத்துப் பார்த்தார். முதல் இலை, இரண்டாவது இலை. மூன்றாவது இலைக்குக் குனிந்ததும் பிடித்தது. முகம் கோணிவிட்டது. வாளியை அங்கேயே வைத்துவிட்டு வேப்பமரத்தடியில் போய் உட்கார்ந்தார். அதற்கப்புறம் தினமும் வருவார், மரத்தடியில் உட்காருவார், பந்தி ஆரம்பித்ததும் முகத்தை வாய்க்கால் பக்கம் திருப்பிக்கொள்வார். எட்டு மாதம் இப்படியே போனது. அவரைப் பார்க்கவே எனக்குப் பாவமாக இருந்தது.

பங்குனியில் ஒரு நாள் தோளில் ஒரு பையோடு வந்தார். பையிலிருந்து துண்டில் சுற்றிய சாம்பார் கரண்டியை எடுத்தார். புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று வைத்திருந்தார். பண்ருட்டியில் இருக்கும் தங்கச்சி வீட்டுக்கே போய்விடப் போவதாகவும், இங்கே சும்மா உட்கார்ந்து சாப்பிடுவது கூச்சமாக இருப்பதாகவும் அம்மாவிடம் சொல்லிக் கரண்டியை நீட்டினார்.

அம்மா வாங்கிக்கொண்டார். எனக்கு அம்மா மேல் கோபம் கோபமாக வந்தது. வேண்டாம், இருங்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் என்ன குறைந்துவிடும்?

தில்லைக்கண்ணு நகரவில்லை.

"போறதுக்கு முன்னால ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேம்மா. இந்த வலி நிரந்தரமாப் போக ஒரு வழி சொல்லுங்க. போயிடுச்சுன்னா திரும்பி வந்துடறேன்."

"போகலைன்னா?"

"போகலைன்னா எப்படிம்மா பரிமாறுவேன்? குனிஞ்சாலே முகம் கோணுது. முகம் சுளிக்கக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க."

அம்மா அப்படியே நின்றுவிட்டார்.

"அதுக்காகவா அண்ணே எட்டு மாசமா வாளியைத் தொடலை?"

அவர் தலையை ஆட்டினார். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தது நான், கலங்கியது அம்மாவின் கண். பதினோரு வருஷத்துக்கு முன்னால் போகிற போக்கில் சொன்ன ஒரு வார்த்தை இந்த மனிதரை மரத்தடியில் உட்கார்த்தி வைத்திருக்கிறது என்று அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. தப்பு என்னுது அண்ணே என்று மெல்லச் சொன்னார். பந்திக்கு நேரமாகிவிட்டது, உட்காருங்கள் என்றார்.

தில்லைக்கண்ணு பதறிப்போனார். பரிமாறுகிறவன் முதல் பந்தியில் உட்காருவதாவது என்றார்.

"கரண்டியைத்தான் குடுத்துட்டீங்களே. இப்ப நீங்களும் வந்தவர்தான். உட்காருங்க."

சுவரோரமாக ஒரு பலகையைப் போட்டு, முதுகுக்குச் சாக்கை மடித்து வைத்து, அம்மாவே கைகொடுத்து உட்கார வைத்தார். எதிர் வரிசையில், காலண்டருக்குக் கீழே, ஆரோக்கியம் உட்கார்ந்திருந்தார். முன்பு ரிக்‌ஷா ஓட்டியவர். தில்லைக்கண்ணு வாளி எடுத்த வருஷத்திலிருந்தே தினமும் வருகிறவர், ஒரு நாள்கூடத் தவறாதவர். அந்தக் காலண்டருக்குக் கீழே வேறு யாராவது உட்கார்ந்தால் தொண்டையைச் செருமிக்கொண்டே நிற்பார்.

தில்லைக்கண்ணு அந்தப் பக்கமிருந்து பந்தியைப் பார்த்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. இத்தனை நாளும் வெறும் உச்சந்தலைகளுக்குத்தான் பரிமாறியிருக்கிறேன், இவர்களுக்கெல்லாம் முகம் இருப்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன் என்று பின்னால் ஒரு நாள் என்னிடம் சொன்னார்.

அம்மா சாம்பார் ஊற்றிக்கொண்டு வந்தார். ஆரோக்கியம் சோற்றைப் பிசைந்தபடி, ஏன் இத்தனை மாதமாக வாளிப் பக்கமே வரவில்லை என்று கேட்டார். தில்லைக்கண்ணு கூச்சத்தோடு காரணத்தைச் சொன்னார். ஆரோக்கியம் பிசைவதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார்.

"உங்க மூஞ்சியை யாருங்க பார்த்தா? பசியில வந்து உட்கார்ந்தவனுக்குக் கரண்டிதாங்க தெரியும்."

வரிசை முழுக்கச் சிரித்தது. தில்லைக்கண்ணுக்கு முதலில் சுருக்கென்றுதான் இருந்திருக்கும். பதினோரு வருஷம் கட்டிக் காத்த சிரித்த முகத்தை ஒருத்தர்கூடக் கவனிக்கவில்லை என்றால் யாருக்குத்தான் இருக்காது? ஆனாலும் அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததில் இடுப்பில் வெட்டி இழுத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, கண்ணை இறுக மூடி, முகம் எக்கச்சக்கமாகக் கோணி, எல்லார் முன்னாலும் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

கண்ணைத் திறந்து பார்த்தார். எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். யார் கையும் இலையில் நிற்கவில்லை.

"நாளையிலேர்ந்து நீங்க மோர் ஊத்துங்க," என்றார் ஆரோக்கியம். "நின்னுக்கிட்டே ஊத்துங்க, குனிய வேணாம். டம்ளரைத் தூக்கிப் புடிக்கிறது எங்க பாடு."

பந்தி முடிந்து எல்லாரும் கை கழுவிக்கொண்டு போனார்கள். தில்லைக்கண்ணு மட்டும் சுவரைப் பிடித்து எழுந்து, குழாயடியில் கரண்டியைக் கழுவிக்கொண்டிருந்த அம்மாவிடம் போனார். பையை எடுக்கவில்லை, அதை நான் கவனித்தேன். சரி, மோர் ஊற்றுகிறேன் என்றார். ஆனால் அவர் கேட்க வந்தது இன்னும் அவருக்குள்ளேயே கிடந்தது.

"ஆனா தினம் வருதேம்மா. ஒத்தடம் குடுத்தாப் போகுது, மறுநாள் வந்து நிக்குது. உடற்பயிற்சி செஞ்சாப் போகுது, திரும்பவும் வந்து நிக்குது. எனக்கு அலுத்துப்போச்சும்மா."

நூறு கிலோ மூட்டையை அலட்சியமாகத் தூக்கிப் போட்ட மனிதர், குழாயடியில் நின்று துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். அம்மா அவரை அழுது முடிக்க விட்டார். அப்புறம் வாசலைக் காட்டினார். ஆரோக்கியம் செருப்பை மாட்டிக்கொண்டு போய்க்கொண்டிருந்தார்.

"அவருக்கு நேத்து வயிறு நிறையப் போட்டோமில்ல, அண்ணே?"

"போட்டோம்."

"முந்தாநாள்?"

"முந்தாநாளும்தான்."

"அப்புறம் இன்னைக்கு ஏன் வந்தார்?"

தில்லைக்கண்ணு கண்ணைத் துடைத்துக்கொண்டு, இது என்ன கேள்வி என்பதுபோல் பார்த்தார். "பசிக்குமேம்மா."

"ஒரேயடியாப் பசி தீர்ற மாதிரி என்னைக்காவது அவருக்குப் போட்டிருக்கீங்களா?"

"அது எப்படிம்மா முடியும்?"

"நேத்துதானே போட்டேன், திரும்பவும் வந்து நிக்கிறியேன்னு பதினோரு வருஷத்துல ஒரு நாளாவது அவர்கிட்ட முகம் சுளிச்சிருக்கீங்களா?"

அம்மா கரண்டியை முந்தானையால் துடைத்து அவர் கையில் வைத்தார்.

"உங்க வலியும் தினம் பசிச்சுத்தான் வருது, அண்ணே. அதுக்கும் ஒரு இலை போடுங்க."

தில்லைக்கண்ணு கரண்டியையே பார்த்துக்கொண்டு நின்றார். சின்னப் பிள்ளை மாதிரி கேட்டார்.

"போட்டாப் போயிடுமாம்மா?"

"சாப்பிட்டுட்டுப் போகும்," என்றார் அம்மா. "நாளைக்கு வரும்."

அவர் மெதுவாக நடந்து அடுப்படி வாசலுக்குப் போய், அந்த உப்பு மூட்டை இன்னும் இருக்கிறதா என்று அஞ்சலாட்சியிடம் விசாரித்தார்.