தாம்பாளம் அளவு

"சாமி, என் மருமக திரும்பி வரணும். ஆனா தப்பு தன்னோடதுதான்னு அவ ஒத்துக்கணும்."

ஒரே மூச்சில் இரண்டு வரம் கேட்டவள் திருமங்கலத்து அங்கயற்கண்ணி. வயது அறுபத்திரண்டு. சாமிக்கு நாற்பதுதான். துறவுக்கு முன் வீடு வீடாகப் போய்த் தரைக்குப் பாலிஷ் போட்டவர்.

"என்ன தப்பு?"

"பூஜை ரூம்ல வெள்ளை மார்பிள். தை மாசம் அதுல விளக்குக்கு ஊத்துற எண்ணெயைச் சிந்திட்டா. கறை போகவே மாட்டேங்குது. பாக்குறப்பெல்லாம் வயிறு எரியுது. எரியிறப்பெல்லாம் சொன்னேன். பெட்டியைத் தூக்கிட்டுத் தேனிக்கு, அம்மா வீட்டுக்குப் போயிட்டா. வீடே வெறிச்சுன்னு கெடக்கு சாமி."

"கறையைக் காட்டுங்க."

"மருமகளைக் கேட்டா கறையைக் கேக்குறீங்களே," என்று அலுத்துக்கொண்டே வீட்டுக்கு அழைத்துப் போனாள்.

சாமி குனிந்து தடவிப் பார்த்தார். பளபளக்கும் கல்லின் நடுவே மங்கலாய், சொரசொரவென்று ஒரு வட்டம்.

"அன்னைக்கு எவ்வளவு இருந்துச்சு?"

"ஒரு ரூபாய்க் காசு அளவு."

"இப்போ?"

"பாத்தா தெரியலையா? தாம்பாளம் அளவு."

"நடுவுல அவங்க மறுபடியும் சிந்துனாங்களா?"

"நான்தான் அவளை இந்தப் பக்கமே விடலையே."

"எதை வச்சுத் தேய்ச்சீங்க?"

"எலுமிச்சம்பழம். குத்துவிளக்கே அதுலதான் தங்கமா மின்னுது. கல்லுக்கு மட்டும் கொம்பா முளைச்சிருக்கு?"

சாமி கண்களை இறுக மூடித் திறந்தார். பொறுமைசாலி என்று ஊருக்குள் பேர். அப்போது பார்த்திருந்தால் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

"ஒரு பழம் கொண்டாங்க."

கொண்டுவந்தாள். பாதியாக அறுத்து, கறையே இல்லாத மூலையில் ஒரு பாதியைக் கவிழ்த்து வைத்தார்.

"அங்க சுத்தமாத்தான இருக்கு சாமி."

"இருக்கட்டும். மருமகளைப் பத்திச் சொல்லுங்க."

சொன்னாள். கல்யாணத்தன்று நடந்ததிலிருந்து ஆரம்பித்தாள்.

அவள் மூச்சு வாங்க நிறுத்தியபோது, சாமி பழத்தை எடுத்துவிட்டு ஈரத்துணியால் துடைத்தார். மங்கலாய், சொரசொரவென்று இன்னொரு வட்டம்.

"இதையும் தேய்ச்சுப் போக்குங்க," என்றார்.

பழக்க தோஷம். மிச்சப் பாதியை எடுத்துவிட்டாள். கை கல்லுக்கு ஒரு சாண் மேலே நின்றது.

பழைய வட்டத்தையும் புது வட்டத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

பழத்தைத் தட்டில் வைத்துவிட்டுக் கையை முந்தானையில் துடைத்தாள்.

"சாமி, தேனிக்கு அடுத்த பஸ் எத்தனை மணிக்கு?"