நீளமான வராண்டா

"டீச்சர், கருணை வர மாட்டேங்குது."

எஸ்தர் டீச்சர் சாளை மீனுக்குச் செதில் உரசிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"எங்க வர மாட்டேங்குது?"

"பேப்பர்ல."

வந்தவர் பெயர் ஆவுடையப்பன். பிரின்சிபாலாக இருந்து ரிட்டயர் ஆனவர். ஆகி முக்கால் வருஷம் இருக்கும். அதற்கப்புறம் அவரை யாரும் எதற்கும் கூப்பிடவில்லை. வீட்டில் சாப்பிடக் கூப்பிடுகிற சத்தத்தோடு சரி.

இப்போதுதான் முதல்முறையாகப் பழைய பள்ளிக்கூடம் ஆண்டு விழாவுக்குக் கூப்பிட்டிருக்கிறது. நாளைக்குச் சாயங்காலம். தலைப்பையும் அவர்களே அழைப்பிதழில் அடித்துவிட்டார்கள்: 'கல்வி, கருணை, வாழ்க்கை'.

கல்விக்கு இருபத்திரண்டு பக்கம் எழுதிவிட்டார். வாழ்க்கைக்கு ஆறு. அதிலும் பாதி, நேரம் தவறாமை பற்றி. நடுவில் கருணைக்கென்று ஒரு தாள் வைத்திருந்தார். அது வெள்ளையாகவே இருந்தது.

இவ்வளவையும் யார் உட்கார்ந்து கேட்பார்கள் என்று அவர் யோசிக்கவில்லை. அவர் பேசும்போது யாரும் எழுந்து போனதில்லை. போனால் என்ன ஆகும் என்று எல்லாருக்கும் தெரியும்.

எஸ்தர் டீச்சர் அவருக்கு முன்னால் அதே பிரின்சிபால் நாற்காலியில் இருந்தவர். ஆவுடையப்பனை வேலைக்குச் சேர்த்ததே அவர்தான். அதனால் இந்த வயதிலும் ஆவுடையப்பன் அவர் முன்னால் உட்காருவதில்லை.

"மைக்குல போய் நின்னு முழிச்சேன்னா என் மானம் போயிரும் டீச்சர். இனிமே ஒருத்தனும் கூப்பிட மாட்டான். கருணைன்னா என்னன்னு ஒரு பத்து வரி சொல்லுங்க. எழுதிக்கிறேன்."

பேனா மூடியைக் கழற்றிக்கொண்டு நின்றார்.

டீச்சர் ஒரு மீன் தலையை எடுத்துப் பூனைக்குப் போட்டார்.

ஆவுடையப்பன் 'பூனைக்கு மீன்' என்று எழுதினார்.

"அத எதுக்கு எழுதுறீங்க? அது கெட்டுப்போன தலை."

எழுதியதை அடித்துவிட்டார்.

"ஆவுடை, நீங்க கடைசியா கிளாஸுக்கு வெளிய நின்னது எப்ப?"

"நானா? நான் நின்னதே இல்ல டீச்சர். நான் நிறுத்துறவன்."

"அப்படியா. சரி, போய் வெளிய நில்லுங்க."

"எவ்வளவு நேரம்?"

"பிள்ளைங்க கேட்டா நீங்க சொல்வீங்களா?"

போனார்.

கேட்டுக்கு வெளியே நல்ல வெயில். முதலில் தெருவைப் பார்த்து நின்றார். ஆள் வருவது தெரிந்ததும் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார். முகத்துக்கு நேராக ஒரு விளம்பரம் எழுதியிருந்தது: 'மூலம், பவுத்திரம். ஆபரேஷன் இல்லாமல் நிரந்தரத் தீர்வு.'

பழைய கணக்கு வாத்தியார் செல்லப்பா ஸ்கூட்டரை நிறுத்தினார். சுவரைப் பார்த்தார். ஆவுடையப்பனைப் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"கூச்சப்படாதீங்க சார். எங்க மச்சினன் அங்கதான் காட்டினான். இப்ப நல்லா உக்காருதான்."

போய்விட்டார். அவரிடம் ஒன்று சொன்னால் ஊருக்கே சொன்ன மாதிரி. சொல்லாவிட்டாலும் அப்படித்தான்.

அடுத்து ஒரு ஆட்டோக்காரர் வந்தார். "ஆஸ்பத்திரிக்கா சார்?" என்றார். செல்லப்பா தெருமுனையைக்கூடத் தாண்டியிருக்க மாட்டார்.

ஆவுடையப்பன் காலை மாற்றி நின்றார். உள்ளே டீச்சர் மீன் உரசுகிற சத்தம் மட்டும் கேட்டது. மறந்துவிட்டாரோ என்னவோ.

சிலிண்டர் வண்டி வந்தது. சுடலைமணி இறங்கினான். எட்டாம் வகுப்பில் ஆவுடையப்பனிடம் இங்கிலீஷ் படித்தவன். படித்தான் என்று சொல்ல முடியாது. வகுப்பில் இருந்தான். அதிலும் பாதி நேரம் வெளியே இருந்தான்.

"என்ன சார், வெயில்ல நிக்கீய?"

"சும்மாதான்."

சுடலைமணி அவர் கால்களைப் பார்த்தான். கட்டியிருந்த கைகளைப் பார்த்தான். சிலிண்டரைத் தோளில் ஏற்றிக்கொண்டு உள்ளே போனான். காலி சிலிண்டரோடு வந்து அதை வண்டியில் போட்டான். பிறகு வண்டியில் ஏறாமல், ஆவுடையப்பன் பக்கத்தில் வந்து, சுவரைப் பார்த்துக் கை கட்டி நின்றான்.

"நீ எதுக்குடா நிக்க?"

"பில் புக்கு கொண்டாரலன்னு டீச்சர்ட்ட சொன்னேன் சார். பில்லு இல்லாம என்னடா சிலிண்டர், நீயும் போய் வெளிய நில்லுன்னுட்டாவ."

"நெசமாவே கொண்டாரலியா?"

சுடலைமணி சட்டையின் பின்பக்கத்தை லேசாகத் தூக்கிக் காட்டினான். முதுகில், பேண்ட்டுக்குள் பாதி போய், பில் புத்தகம் செருகியிருந்தது.

ஆவுடையப்பனுக்குப் புரியவில்லை. கல்வியைப் பற்றி இருபத்திரண்டு பக்கம் எழுதினவருக்குப் புரியவில்லை.

"எட்டாப்புலயும் இதான சார். நீங்க பீர் முகம்மத வெளிய நிறுத்துவீய. உடனே நான் எந்திரிச்சு, நானும் ஹோம்வொர்க் எழுதல சார்ம்பேன்."

"எழுதியிருந்தியா?"

"எழுதியிருப்பேன் சார். நோட்டு முதுகுல இருக்கும்."

"அடப்பாவி! வருஷம் பூரா உனக்கு சைபர் போட்டேனேடா!"

"ஆமா சார்."

"உங்க அப்பாவக் கூப்பிட்டு விட்டேனே!"

"வந்தாருல்லா. வீட்டுக்குப் போய் அடிச்சாரு."

"பெறகு எதுக்குடா அப்படிப் பண்ணுன?"

சுடலைமணி சுவரைப் பார்த்தபடியே யோசித்தான். யாரும் அவனிடம் இதைக் கேட்டதில்லை.

"ஒத்தையில நின்னா அந்த வராண்டா ரொம்ப நீளம் சார்."

"ரெண்டு பேர் நின்னா?"

"இன்டர்வெல்லு."

அவன் போன் அடித்தது. கேஸ் ஏஜென்சி. "பஞ்சர்ணே," என்று சொல்லி வைத்தான்.

"பீரு ஒருத்தனுக்குத்தானா?" என்று கேட்டார் ஆவுடையப்பன். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"கிளாஸு பூராவும் அப்படித்தான் சார். யாருக்கு யாரு எந்திரிக்கணும்னு முறை வச்சிருந்தோம்."

"எனக்குத் தெரியாமலா?"

"உங்களுக்குத் தெரியும்னுல்லா நெனச்சோம்."

ஆவுடையப்பன் கக்கத்தில் இடுக்கியிருந்த தாள்கட்டைப் பிரித்தார். கல்விப் பகுதியில் அவருக்கு மிகவும் பிடித்த பக்கத்தை எடுத்தார். நேற்றுக் கண்ணாடி முன்னால் நின்று, கையை ஆட்டி ஆட்டிப் படித்துப் பார்த்த பக்கம்.

'வீட்டுப்பாடம் எழுதாமை ஒரு தொற்றுநோய். ஒருவனை வெளியே நிறுத்தினால் மறுகணமே இன்னொருவனுக்குப் பரவும். முப்பது ஆண்டுகள் கண்கூடாகக் கண்டவன் சொல்கிறேன். இதற்குக் கண்டிப்பு ஒன்றே மருந்து.'

படித்தார். மறுபடியும் படித்தார். சுடலைமணி எட்டிப் பார்க்கப் போனான். அவசரமாக அதை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

கேட் திறந்தது. எஸ்தர் டீச்சர் நின்றார். கையெல்லாம் செதில்.

"என்ன ஆவுடை, பத்து வரி வந்துச்சா?"

"இல்ல டீச்சர். ஒரு பக்கம் போயிருச்சு."

"நல்லது. வீட்டுக்குப் போங்க."

பிறகு சுடலைமணி பக்கம் திரும்பினார்.

"டேய், முதுகுல இருக்கத எடுத்து பில்லப் போடு. மீன் அடுப்புல இருக்கு."

மறுநாள் சாயங்காலம் பள்ளிக்கூடம் முழுக்க சீரியல் லைட். ஆவுடையப்பன் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்தார். செல்லப்பா முதல் வரிசையிலிருந்து எழுந்து தன் நாற்காலியின் குஷனை உருவிக் கொடுத்தார். அவர் வாங்கிக்கொள்ளவில்லை.

கையில் தாள்கட்டு இருந்தது. ஒரு பக்கம் குறைவு. கருணைத் தாளில் அடித்துவிட்ட 'பூனைக்கு மீன்' மட்டும்தான் இருந்தது.

மேடைக்குப் பின்பக்க வராண்டா வழியாகத்தான் ஏற வேண்டும். அங்கே ஒரு சின்னப் பெண் சுவரைப் பார்த்து நின்றாள். மயில் வேஷம். வரவேற்பு நடனத்தில் சிரித்துவிட்டாளாம். சுற்றி டீச்சர்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள். "தோகை இடிக்குது, ஓரமா நில்லு," என்று ஒருத்தர் சொல்லிவிட்டுப் போனார். மயில் ஓரமாக நகர்ந்தது.

ஆவுடையப்பன் அவளைத் தாண்டிப் போனார். படிக்கட்டில் ஒரு காலை வைத்தார்.

மைக் முழங்கியது. "அடுத்ததாக, நம் பெருமதிப்பிற்குரிய முன்னாள் முதல்வர் ஆவுடையப்பன் அவர்கள், 'கல்வி, கருணை, வாழ்க்கை' என்ற தலைப்பில்..."

கைதட்டல். முக்கால் வருஷமாக அவர் காத்திருந்த கைதட்டல்.

ஆவுடையப்பன் திரும்பி, அந்த வராண்டாவின் கடைசி வரைக்கும் பார்த்தார்.

படியிலிருந்து காலை எடுத்தார்.

பக்கத்தில் ஒரு பெரிய ஆள் வந்து சுவரைப் பார்த்துக் கை கட்டி நிற்கவும், மயில் கழுத்தைத் திருப்பியது.

"நீங்க ஏன் நிக்கீங்க?"

"எழுதிட்டு வரல."

உள்ளே அவர் பெயரை இரண்டாவது தடவை கூப்பிட்டார்கள்.

மயில் அவரை மேலும் கீழும் பார்த்தது.

"கையில வச்சிருக்கீங்களே?"

ஆவுடையப்பன் அந்தப் பக்கம் இந்தப் பக்கம் பார்த்தார். அவசர அவசரமாகக் கட்டைச் சுருட்டிச் சட்டைக்குள், முதுகுப் பக்கம் செருகிக்கொண்டார்.

மயில் மறுபடியும் சிரித்துவிட்டது.