மூன்று பேர் கேட்ட கதவு

கிர்ர்க்... டக்.

இருட்டில் அந்தச் சத்தம் கேட்டதும் பிரிசில்லாவின் கையிலிருந்த தோசைக்கரண்டி நழுவி விழுந்தது. கரண்ட் அப்போதுதான் போயிருந்தது. கணவன் கிங்ஸ்டனுக்குத் தூத்துக்குடித் துறைமுகத்தில் இரவு வேலை. வீட்டில் அவளும் எட்டு வயது மகள் டெனிஷாவும்தான். மறுபடியும், கிர்ர்க்... டக். துருப்பிடித்த இரும்பை யாரோ மெல்ல இழுக்கிறார்கள்.

அடுப்பை அணைத்து, சிலுவை போட்டுக்கொண்டு, கணவனுக்குப் போன் செய்தாள்.

"என்னங்க, வீட்டுக்குள்ள யாரோ இருக்காங்க. பாத்ரூம் பக்கம் தாப்பாள் சத்தம் கேக்குது. பிள்ளையயும் காணோம்."

"ஏ பிரிசி, எந்தக் கள்ளனாவது வந்த வீட்டுல தாப்பாளப் போட்டுட்டு உள்ள உக்காருவானா? டெனியாத்தான் இருக்கும், போய்ப் பாரு."

டெனிதான். பாத்ரூம் கதவு உள்ளே தாழிட்டிருந்தது. "டெனி, கதவத் தெறம்மா!" என்று பிரிசில்லா தட்டினாள். உள்ளே ஒரு மெல்லிய ராகம் மட்டும் கேட்டது. மனசு நன்றாக இருக்கும்போது பிள்ளை முனகும் ராகம். பிறகு தாழ்ப்பாள் விலகியது. டெனி வெளியே வந்தாள், அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துப்போய்த் தோசைக்கல்லைக் காட்டினாள்.

பிள்ளைக்குப் பசி. பயமெல்லாம் அம்மாவுக்குத்தான். பள்ளிக்கூடத்தில் பூட்டிப் பூட்டி என் பிள்ளைக்குத் தாழ்ப்பாள் கிறுக்குப் பிடித்துவிட்டதே என்று விடியும்வரை புரண்டுகொண்டே கிடந்தாள்.

அந்தப் பூட்டின் கதை இதுதான். டெனிஷாவுக்கு ஆட்டிசம். பேச்சு குறைவு, கணக்கில் படுசுட்டி, பெரிய சத்தம் மட்டும் ஆகாது. ஆண்டு விழாவுக்காகப் பேண்ட் பயிற்சி தொடங்கியதிலிருந்து, டிரம்மில் முதல் அடி விழுந்ததுமே காதைப் பொத்திக்கொண்டு வகுப்பைவிட்டு ஓடினாள். அதனால் தலைமையாசிரியை சிஸ்டர் ஃபிலோமி, விளையாட்டுச் சாமான் அறையை ஒழித்து, பாய் விரித்து அவளுக்கென்று கொடுத்தார். தடித்த தேக்குக் கதவு. சாமான் அறைதானே, தாழ்ப்பாள் வெளியே மட்டும்தான். பிள்ளை உள்ளே போனதும் ஆயாம்மா அதைப் போட்டுவிடுவார். பிரிசில்லாவும் அதே கான்வென்டில் படித்தவள். ஸ்கிப்பிங் கயிறு எடுக்கப் போகும்போதெல்லாம் அந்தத் தாழ்ப்பாளோடு மல்லுக்கட்டியவள்.

டெனிஷாவுக்கு என்னென்ன உதவி என்று வீடும் பள்ளியும் சேர்ந்து திட்டம் போடும் கூட்டம் வந்தது. ஒத்துவராவிட்டால் பிள்ளைக்கு வேறு பள்ளி பார்த்துக்கொள்ள வேண்டியதுதான் என்று சிஸ்டர் முன்பே சொல்லிவிட்டார். பக்கத்தில் அவளைச் சேர்த்துக்கொள்ள வேறு பள்ளி கிடையாது.

"ரூமும் வேணும், தாப்பாளும் வேணும்," என்றார் சிஸ்டர். "டிரம் அடிச்சா அவளாத்தான் அந்த ரூமுக்கு ஓடுறா, யாரும் இழுத்துட்டுப் போகல. வெளிய மெயின் ரோட்டுல உப்பு லாரி வரிசையா போகுது. பூட்டாம விட்டுட்டு நான் ஜெபமாலை உருட்டிட்டு இருக்கவா?"

பிரிசில்லா எழுந்து நின்றாள். சிஸ்டர் முன்னால் உட்கார்ந்து பேச அவளுக்கு இன்னும் வரவில்லை.

"தாப்பாள் விழுந்த உடனே அலறுறாளே சிஸ்டர். வெளியில தாப்பாப் போட்டு வைக்க எம்பிள்ள என்ன பந்தா, கயிறா? அந்த ரூமே வேண்டாம். வகுப்புல நானே பக்கத்துல உக்காந்துக்கிறேன்."

"நீ உக்காந்தா டிரம் சத்தம் கேக்காதாக்கும்?"

சிறப்புக் கல்வி ஆசிரியை முத்தரசி குறுக்கே வந்தாள். "ரூம் இருக்கட்டும் சிஸ்டர். கதவு திறந்தே இருக்கட்டும். வாசல்ல ஆயாம்மா உக்காரட்டும். டெனி அம்மா, உங்களுக்கும் சம்மதம்தானே?"

"அதையும்தான் பாத்தாச்சே மிஸ்," என்று சிஸ்டர் முந்திக்கொண்டார். "ஒருநாள் தாப்பாள் இறுகிப்போய்க் கதவு ஒருக்களிச்சே கெடந்துச்சு. சத்தம் உள்ள வந்துது. ஆயா கைய உதறிட்டு கேட் வரைக்கும் ஓடிட்டா. வாட்ச்மேன் புடிக்கலன்னா..."

இதை யாரும் பிரிசில்லாவிடம் சொல்லியிருக்கவில்லை. "வீட்லயும் இப்ப பாத்ரூம் தாப்பாளப் போட்டுப் போட்டுத் திறக்குறா சிஸ்டர். நீங்க பூட்டுனதுனாலதான்," என்று அந்த ராத்திரிக் கதையைச் சொல்லத் தொடங்கினாள். ராகம், தோசை, கணவனின் கிண்டல் எல்லாம் சொன்னாள். அப்போது மைதானத்தில் டிரம் முழங்கியது. தாழ்வாரத்தில் சின்னக் கால்கள் ஓடின.

கதை இங்கே நிற்கட்டும். மூவரில் யாரும் பொய் சொல்லவில்லை. பிள்ளை அந்த அறைக்குத் தானாக ஓடுவதும் உண்மை, தாழிட்டால் அலறுவதும் உண்மை, திறந்து வைத்தால் தப்பிப்பதும் உண்மை. இப்போது நீங்கள் சொல்லுங்கள்: இவர்களில் யார் கேட்டது சரி?

*

விடை: மூவர் கேட்டதும் அல்ல. தனக்கு என்ன வேண்டும் என்று டெனிஷா பாத்ரூமிலேயே காட்டிவிட்டாள். சத்தம் வராத மூடிய கதவு வேண்டும். அதன் தாழ்ப்பாள் தன் கையில் இருக்க வேண்டும். சொல்லி முடித்த பிரிசில்லாவுக்கே அது உறைத்தது. "சிஸ்டர், அந்தத் தாப்பாளக் கழட்டி உள்பக்கம் வைங்க," என்றாள். சொன்ன பிறகுதான் தான் நாற்காலியில் உட்கார்ந்திருப்பதைக் கவனித்தாள். தச்சர் பழைய தாழ்ப்பாளைக் கழற்றி, எண்ணெய் விட்டு, பிள்ளையின் கைக்கு எட்டும் உயரத்தில் உள்ளே பொருத்தினார். அவசரத்துக்கு ஆயாம்மா வெளியிலிருந்தே கம்பி விட்டுத் தாழ்ப்பாளை நீக்கக் கதவில் ஒரு துளையும் போட்டார். அடுத்த பயிற்சியன்று மூன்று பேரும் தாழ்வாரத்தில் நின்றார்கள். டிரம் முழங்கியது. டெனி காதைப் பொத்திக்கொண்டு அவர்களைக் கடந்து ஓடினாள், கதவைச் சாத்தினாள். கிர்ர்க் இல்லை. உள்ளேயிருந்து, டக்.