தெப்பத்தில் வந்தவர்

மடத்தில் சேருவதற்கு முன் மாசிலாமணி ஓடக்காரன். நாற்பது வயதைத் தாண்டிய பிறகு துடுப்பைப் போட்டுவிட்டு அடிகளிடம் வந்தவன். தெப்பத் திருவிழாவன்று பிற்பகல் அவன் ஏரிக்கரையிலிருந்து மூச்சிரைக்க வந்து நின்றபோது, அடிகள் வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"ஐயா, நான் ஊருக்குப் போகிறேன். இனி எனக்குக் கோயிலும் வேண்டாம், கும்பிடும் வேண்டாம்."

என்ன நடந்தது என்று அடிகள் கேட்டார். அவன் கொட்டித் தீர்த்தான்.

மலையில் பெய்த மழையில் ஏரி கிடுகிடுவென்று ஏறிவிட்டது. நடுத்திட்டில் குடிசை போட்டிருந்த வாத்து மேய்ப்பவர்கள், குழந்தைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் நிற்கிறார்கள். பரிசல்களை வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விட்டது. மிச்சம் இருப்பது, சாமிக்காகப் பூத்தோரணம் கட்டி நிறுத்தியிருக்கும் தெப்பம் ஒன்றுதான். தருமகர்த்தா வைத்தியலிங்கத்தின் காலில் விழுந்து கேட்டுப் பார்த்தான். ஒரு மண்டலமாக விரதம் இருப்பவர் அவர். கண்டவர்களும் ஏறினால் தெப்பம் தீட்டாகிவிடும், அவர்களுக்காகப் பிரார்த்தனை செய்வோம் என்று சொல்லிவிட்டு ஜெபத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"இவர் கும்பிடுகிற சாமியை நான் எப்படிக் கும்பிடுவது?"

"தெப்பம் யாருடையது?"

"சாமியுடையது."

"நீ யாரைக் கேட்டாய்?"

"தருமகர்த்தாவை."

"சாமியைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்?"

மாசிலாமணி வந்த வழியே திரும்பி ஓடினான். அடிகள் கீரையை ஓரமாக வைத்துவிட்டுப் பின்னால் நடந்தார்.

அவன் தெப்பத்தின் கயிற்றை அவிழ்த்தபோது, பிடியுங்கள் அவனை என்று வைத்தியலிங்கம் கத்தினார். பல்லக்குத் தூக்க வந்திருந்தவர்கள் பாய்ந்து வந்தார்கள். அவ்வளவுதான் என்று மாசிலாமணி நினைத்தான். ஆனால் வந்த வேகத்தில் அவர்கள் தெப்பத்தில் ஏறி, ஆளுக்கொரு கழியை எடுத்து ஊன்றினார்கள். 

திட்டை அடைந்ததும் குழந்தைகளை முதலில் வாங்கினார்கள். பிறகு பெண்கள், நோயாளிகள். தெப்பம் ஒருபுறம் சாய்ந்து தண்ணீரை மொண்டது. தோரணம் அறுந்து மிதந்தது. கரையில் இறக்கிவிட்டுத் திரும்பப் போனார்கள். ஒருவர் மிச்சமில்லாமல் ஏற்றிக்கொண்டு கடைசியாக வந்தபோது, வாத்துக் கூட்டம் முழுவதும் தெப்பத்தின் பின்னால் நீந்தி வந்தது. கரையில் ஊரே திரண்டிருந்தது. நாகஸ்வரக்காரர் யாரையும் கேட்கவில்லை. சாமி புறப்பாட்டுக்கு வாசிக்கும் மல்லாரியை எடுத்தார். தவில் சேர்ந்துகொண்டது. கழி ஊன்றிக் கை கொப்புளித்துப்போன மாசிலாமணி, அழுதுகொண்டே சிரித்தான்.

வைத்தியலிங்கம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு அடிகளிடம் வந்தார். அடிகள் தம் மேல்துண்டால் ஒரு குழந்தைக்குத் தலை துவட்டிக்கொண்டிருந்தார்.

"தெப்பம் முழுக்கச் சேறு. இனி இதில் சாமி எப்படி எழுந்தருளுவார்?"

"எழுந்தருளி, இப்போதுதான் கரை இறங்கினார்" என்றார் அடிகள். "பசியோடு இருக்கிறார். பிரசாதத்தைக் கொண்டுவரச் சொல்லுங்கள்."