கூழாம்பாறைத் தேன் கெடும் தேதி

கூழாம்பாறைக்காரர்களுக்கு மூளை இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. இருந்தது. அடிக்கடி எடுத்தால் தேய்ந்துபோகும் என்று பத்திரமாக வைத்திருந்தார்கள்.

அந்த ஊர்த் தேனீ வளர்ப்போர் சங்கத்துக்குச் செயலாளர் சடையாண்டி. அந்த வருஷம் பெட்டிகளிலிருந்து எடுத்த தேன் மொத்தம் நாற்பது பாட்டில். லைசென்ஸ் இல்லாமல் ஒன்றைக்கூட விற்கக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு அதிகாரி வந்து சொல்லிவிட்டார். விற்காவிட்டால் சங்கம் கலைந்துவிடும். சங்கம் கலைந்தால் செயலாளர் சடையாண்டி வெறும் சடையாண்டி.

"பாட்டில்ல காலாவதி தேதியே இல்லையே! தேன் என்னைக்குக் கெடும்னு பாத்து எழுதிட்டு வாங்க, லைசென்ஸ் தர்றேன்" என்றார் அதிகாரி.

பார்க்கத்தானே சொன்னார்? சங்கக் கொட்டகையில் நாற்பது பாட்டிலையும் வரிசையாக வைத்து, உறுப்பினர்கள் பவுன்தாயும் மொக்கைச்சாமியும் சடையாண்டியோடு எதிரில் உட்கார்ந்தார்கள். எட்டு நாள் கண் எடுக்காமல் பார்த்தார்கள். தேன் அது பாட்டுக்கு இருந்தது.

"பாத்தா எப்படித் தம்பி தெரியும்? நக்கிப் பாக்கணும்" என்றாள் பவுன்தாய்.

நக்கினார்கள். கெடவில்லை. ஒரு பாட்டில் கெடாவிட்டால் பக்கத்துப் பாட்டில் கெட்டிருக்கலாம் அல்லவா? அதையும் நக்கினார்கள். காலையில் நன்றாக இருந்தது மத்தியானத்துக்குள் கெட்டுவிட்டால் தேதி தவறிப்போகுமே என்று மூன்று வேளையும் நக்கினார்கள். கடமை என்று வந்துவிட்டால் கூழாம்பாறைக்காரர்கள் பின்வாங்க மாட்டார்கள்.

இரண்டு மாதத்தில் முப்பத்தாறு பாட்டில் காலி. மொக்கைச்சாமிக்குச் சட்டைப் பொத்தான் எட்டவில்லை.

"நம்ம கண்ணு முன்னாடி கெடுறதுக்கு அதுக்கு வெக்கமா இருக்கும், செயலாளரே" என்றார் அவர்.

நியாயம்தான் என்று மூவரும் முதுகைக் காட்டி உட்கார்ந்தார்கள். அப்போதும் கெடவில்லை.

பொறுக்கமாட்டாமல் சடையாண்டி டவுனுக்குப் போனார். அங்கே சர்க்கரைப் பாகு காய்ச்சித் தேன் என்று விற்கும் முதலாளி ஒருவர் இருந்தார். அவர் கம்பெனிப் பக்கம் ஒரு தேனீகூட எட்டிப் பார்த்ததில்லை. சுவரில் லைசென்ஸ் கண்ணாடி போட்டுத் தொங்கியது.

"உங்களுக்கு மட்டும் எப்படி அண்ணே தேதி தெரியுது?"

"நான் பாட்டில் வாங்கும்போதே தேதியை ஒட்டித்தான் வாங்குவேன். உள்ள என்ன ஊத்துறதுன்னு அப்புறம்தான் யோசிப்பேன்."

சடையாண்டி ஊருக்கு வந்து இதைச் சொன்னதும் பவுன்தாய் தலையில் அடித்துக்கொண்டாள். "பாத்தியா! நாம முதல்ல தேனை எடுத்ததுதான் தப்பு."

வேறு வழியில்லாமல் மூவரும் அதிகாரி முன்னால் கைகட்டி நின்றார்கள். "மன்னிச்சிருங்க சார். என்ன பண்ணியும் கெட மாட்டேங்குது."

"எல்லாரையும் போல ஒன்றரை வருஷம்னு போட்டுத் தொலைங்கய்யா!"

"அன்னைக்குக் கெடலைன்னா நாங்க பொய் சொன்ன மாதிரி ஆயிருமே சார்?" என்றார் சடையாண்டி.

"அதுக்கென்ன தம்பி?" என்றாள் பவுன்தாய். "வாங்கினவங்க வீட்டுக்கு அன்னைக்கு நேரா போய், நாமளே கெடுத்துக் குடுத்துட்டு வந்துருவோம்."

ஆளை விட்டால் போதும் என்று அதிகாரி கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

பஸ் ஸ்டாப்பில் சடையாண்டி லைசென்ஸை உரக்கப் படித்தார். கடைசி வரியை இரண்டு தடவை படித்தார். இன்றிலிருந்து ஒரு வருஷத்தில் லைசென்ஸ் காலாவதி.

"அட கொடுமையே! நம்ம தேன் கெடவே மாட்டேங்குது. அவங்க குடுத்த காகிதம் ஒரே வருஷத்துல கெட்டுப்போகுமாம்!"

"உப்புத் தடவி வெயில்ல காயவச்சிருவோமா?" என்றார் மொக்கைச்சாமி.

"கருவாடாய்யா அது?" என்று சீறினாள் பவுன்தாய். "நெல்லிக்காய் கெடாம இருக்க எதுல ஊறப்போடுறோம்?"

மிச்சமிருந்த நான்கு பாட்டிலில் மூன்றை விற்றார்கள். நான்காவதில் லைசென்ஸ் இறங்கியது.

மறு வருஷம் அதிகாரி சோதனைக்கு வந்தார். "எங்கய்யா லைசென்ஸ்? அது காலாவதியாகி எட்டு நாள் ஆச்சு."

சடையாண்டி பெருமையோடு மூடியைத் திறந்தார். முத்திரை இருந்த மூலையாகப் பார்த்துக் கரண்டியில் ஒரு துண்டை எடுத்து, தேன் சொட்டச் சொட்ட நீட்டினார்.

"யாரோ உங்ககிட்ட தப்பாச் சொல்லிருக்காங்க சார். வாயில போட்டுப் பாருங்க. நேத்துக் குடுத்த மாதிரியே இருக்கு!"